டிபி குணமாகி வருகிறது, ஆனாலும் தனி அறை, தனித் தட்டு: இது எப்போது முடியும்?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். வீட்டில் கணவர், மாமியார், நான்கு வயது மகள். விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், எடை குறைவு என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான். மாத்திரை தொடங்கி இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. இரண்டு மாத முடிவில் எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை 41 கிலோவிலிருந்து 44 ஆகியிருக்கிறது. மற்றதை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்:

“மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கே பின்னாடி ரூமுக்கு மாத்திட்டாங்க. என் தட்டுலயும் டம்ளர்லயும் அத்தை செவப்பு நெயில் பாலிஷ் வெச்சு அடையாளம் போட்டாங்க. அந்த நெயில் பாலிஷ் என்னோடதுதாங்க. சாப்பாட்டை வாசப்படியில வெச்சிட்டு கதவைத் தட்டிட்டுப் போயிருவாங்க. அவரு ஹால்ல இருந்துக்கிட்டே போன்ல பேசுவாரு. நான் இருமுனா டிவி சத்தம் கூடும். அதனால தலகாணியில வாயப் பொத்திக்கிட்டு இருமுறேன். பாப்பாவை ஒரு மாசம் நாத்தனார் வீட்டுல விட்டிருந்தாங்க. இப்ப வந்துட்டா. ஆனா ‘அம்மா ரூம்ல பூச்சி இருக்கு, போகாதே’ன்னு சொல்லி வெச்சிருக்காங்க. கதவுக்கு வெளிய நின்னு ‘பூச்சி போயிருச்சாம்மா?’ன்னு கேக்கறா. மொதல்ல அதைக் கேட்டா அழுகை வரும். இப்ப எந்திரிச்சுப் பதில் சொல்லக்கூடத் தோண மாட்டேங்குது. நான் இல்லாமப் போனா இவங்க நிம்மதியா இருப்பாங்களோன்னு ராத்திரியில நெனப்பு வருது.”

ஆறு மாதமும் இப்படித்தான் இருக்க வேண்டுமா, இந்த மன வேதனை மாத்திரையால் வருகிறதா, அப்படியென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா, தாராபுரத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா, கம்பெனி வேலை கைவிட்டுப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறார். ‘டிபி இருந்தால் டைவர்ஸ் வாங்கிவிடலாம்’ என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது வேறு அவரை வாட்டுகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகளுக்குப் போகுமுன், ‘நான் இல்லாமப் போனா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். தனித்து வைக்கப்பட்ட நோயாளிகள் பலரிடம் இந்த எண்ணத்தைக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்ற கணக்கு, இரவில், தூக்கம் வராத நேரத்தில் போடப்படுவது. அந்த நேரத்தில் அது ரொம்பச் சரியான கணக்குபோலத் தெரியும். ஆனால் அது மன அழுத்தம் என்ற நோய் பேசும் பேச்சு. இந்த எண்ணம் வந்துபோவதோடு நில்லாமல், எப்படி, எப்போது என்று மனம் யோசிக்கத் தொடங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எண்ணம் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து, மகள் கூப்பிட்டும் எழத் தோன்றவில்லை என்பதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாய்க்கு இப்படித் தோன்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனிமைக்கு ஒரு போக்கு உண்டு. முதல் நாட்களில் காது கூர்மையாகும்: யார் நடக்கிறார்கள், எந்தப் பாத்திரம் உருள்கிறது, நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று ஒவ்வொரு சத்தத்தையும் மனம் பிடித்து வைக்கும். பிறகு கோபம் வரும், அந்தக் கோபத்துக்கு வெட்கமும் சேர்ந்து வரும். வாரக்கணக்கில் யாரும் தொடாமல், முகம் பார்த்துப் பேசாமல் போனால் மனம் மரத்துப்போகும். ஒவ்வொரு முறையும் வலிக்கிறதே என்று மனம் தன்னைத்தானே மூடிக்கொள்ளும் நிலை இது. உங்கள் பாசம் எங்கும் போய்விடவில்லை. எந்திரிச்சுப் பதில் சொல்லத் தோணலையே என்று வருந்தி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாசம் போனவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது கனடாவின் டொராண்டோ நகரில் வீட்டிலேயே ஒதுங்கியிருக்கச் சொல்லப்பட்டவர்களில் 129 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் சுமார் 31 சதவீதத்தினரிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகளும், சுமார் 29 சதவீதத்தினரிடம் பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பின் அறிகுறிகளும் இருந்தன. ஒதுங்கியிருந்த நாட்கள் கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. அவர்கள் நோய் வரலாம் என்ற சந்தேகத்தில் ஒதுங்கியவர்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்த விஷயம். நீங்கள் நோயோடு, காய்ச்சலோடு, மாத்திரைக் குமட்டலோடு இரண்டு மாதத்துக்கு மேல் அந்த அறையில் இருக்கிறீர்கள்.

நம் ஊரில் அம்மை போட்டாலும் தனியாகத்தான் படுக்க வைப்பார்கள். ஆனால் அந்தத் தனிமை இப்படி யாரையும் உடைப்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டுக்கே ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி, படுத்திருப்பவருக்கு ஒரு மரியாதை கொடுக்கிறோம். எல்லாவற்றையும் விட, அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. அன்றைக்கே பிள்ளை பழையபடி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும். யாரும் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார்கள். காசநோய்க்கு நம் வீடுகளில் அப்படி ஒரு நாள் கிடையாது. உங்களை அறைக்குள் அனுப்பிய நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வெளியே வர வேண்டிய நாளை யாரும் உங்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை. ‘சளி டெஸ்ட் நெகட்டிவ்னாங்க, வேற எதுவும் சொல்லலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினையின் வேர் அதுதான் என்று நினைக்கிறேன்.

மருத்துவம் கேட்ட தனிமை முடிந்துவிட்டது

காசநோய் காற்றில் பரவுவது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் அதை நெடுநேரம் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. தட்டு, டம்ளர், துணி, கட்டில், கை தொடுதல் வழியாகப் பரவாது. அந்தச் சிவப்பு நெயில் பாலிஷ் அடையாளத்துக்கு முதல் நாளில்கூட அவசியம் இருந்ததில்லை.

சரியான மாத்திரை உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படும் வகையில், மாத்திரை தவறாமல் எடுப்பவருக்கு இரண்டு வாரம் என்பது நாங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு காலம் ஆகிவிட்டது, சளியும் சுத்தமாகிவிட்டது. இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று அத்தை பயப்படலாம். நுரையீரலில் ஏற்பட்ட புண் ஆறும்வரை இருமல் மிஞ்சியிருக்கும். கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்வது சளிப் பரிசோதனைதான். தலையணையில் வாயைப் பொத்தி இருமுவதை இன்றோடு விடுங்கள். முழங்கை மடிப்பிலோ துணியிலோ இருமினால் போதும். சளியை அடக்காமல் வெளியே எடுப்பது உங்கள் நெஞ்சுக்கு நல்லது. மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருந்தாலோ இடையில் மாத்திரை விட்டுப்போயிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். உங்கள் கடிதப்படி இரண்டும் இல்லை. அடுத்த முறை காசநோய் மையத்துக்குப் போகும்போது, ‘நான் இப்போது யாருக்கும் பரப்ப மாட்டேன்தானே?’ என்று நேராகக் கேட்டு, அந்தப் பதிலை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அத்தைக்கும் கணவருக்கும் காட்ட அந்த எழுத்து உதவும்.

இதில் உங்களுக்குச் சொல்லியே தீர வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையம் தெரியும். அந்த சானடோரியம் 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் காசநோய்க்கு வைத்தியம் என்றால், வீட்டை விட்டுப் பிரித்து மாதக்கணக்கில், சிலரை வருடக்கணக்கில், காற்றோட்டமான இடத்தில் படுக்க வைப்பதுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வோடு வைத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே மாத்திரையைக் கொடுத்து, அவர்களுடைய நெருக்கடியான சின்ன வீடுகளிலேயே குடும்பத்தோடு இருக்கச் சொன்னார்கள். குணமாவதில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. நோயாளியால் வீட்டாருக்கு இருந்த ஆபத்து பெரும்பாலும் வைத்தியம் தொடங்குவதற்கு முந்தியது என்று அதிலிருந்து தெரிந்தது. 1959-ல் முதல் முடிவுகள் வந்தபின், காசநோயாளிகளை மருத்துவமனையில் பூட்டி வைக்கும் வழக்கம் உலகத்தில் மெல்ல மெல்ல மறைந்தது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்த அந்த வீடுகள்தான் உலகத்துக்கே வழி காட்டின. இன்று அதே சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள உங்கள் வீட்டில், பரிசோதனை சுத்தமாக வந்த பிறகும் உங்களைப் பின்னறையில் வைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

அத்தையைக் குறை சொல்லி நிறுத்திவிடவும் எனக்கு மனமில்லை. டிபி என்றால் ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போவது என்று பார்த்தும் கேட்டும் வளர்ந்த தலைமுறை அவர்கள். 2020-ல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் பார்த்திருக்கிறார்கள். தட்டை வாசற்படியில் வைத்தாலும் மூன்று வேளையும் நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள். முட்டையும் சுண்டலும் விடாமல் வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 3 கிலோவில் அவர்கள் கையும் இருக்கிறது. பயத்தையும் வெறுப்பையும் நீங்கள் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். பயத்தைப் போக்க ஒரு வழி இருக்கிறது: காசநோய் மையத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளரை வீட்டுக்கு வரச் சொல்லி, அத்தையின் எதிரில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது, கையில் பதிவேட்டோடு வருபவர் சொன்னால் ஏறும்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். ‘அவங்க சொல்லாட்டியும் நானே ஒதுங்கிக்கறேன், பாப்பாவுக்கு வந்துரக் கூடாதில்லையா’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கதவை இப்போது இரண்டு பக்கமிருந்தும் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாப்பாவைக் காப்பாற்ற உண்மையில் செய்ய வேண்டியது வேறு. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

பாப்பாவுக்குச் செய்ய வேண்டியது

உங்கள் நோய் தெரியுமுன், இருமிக்கொண்டே அவளைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தீர்களே, அவளுக்குத் தொற்ற வாய்ப்பிருந்த காலம் அதுதான். வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் வந்தால் கூட இருக்கும் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதலில். நோய் இல்லை என்று உறுதியானால், பின்னால் வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், இலவசமாக. பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து குழந்தையை ஓரளவு காக்கும். அது போட்டிருக்கிறதே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்ட அவசரத்தில் இது விட்டுப்போயிருந்தால் நாளைக்கே மையத்தில் கேளுங்கள். கணவருக்கும் அத்தைக்கும் இதே பரிசோதனை வேண்டும்.

இப்போது பூச்சிக்கு வருவோம். ‘அம்மா ரூம்ல பூச்சி’ என்று சொன்னவர்கள் குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை. நான்கு வயதுக்கு அது நல்ல விளக்கம்தான். கதையின் மீதியைத்தான் யாரும் சொல்லவில்லை. ‘அம்மா தினம் மாத்திரை சாப்பிட்டேன், பூச்சி செத்துப்போச்சு, டாக்டர் பார்த்துட்டுச் சொன்னாங்க’ என்று சொல்லுங்கள். அப்பாவும் பாட்டியும் கூட நின்று சொல்ல வேண்டும். பாட்டி சொன்ன தடையைப் பாட்டிதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை உங்களிடம் வந்தபின் பாட்டி முகத்தைப் பார்த்துக் குழம்பும்.

அவள் உடனே ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். சில குழந்தைகள் தள்ளியே நிற்கும், முகத்தைத் திருப்பும், தங்கியிருந்த வீட்டுக்கே திரும்பப் போகணும் என்று அடம்பிடிக்கும். சில நாட்களுக்கு உங்களை விட்டு அசையவே மாட்டேன் என்றும் இருக்கும். அவள் உங்களை மறந்துவிடவில்லை. விட்டுப் போய்விட்டீர்கள் என்று அவளுக்கு உங்கள்மேல் கோபம் இருக்கலாம், அவ்வளவுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பெறப் பார்க்க வேண்டாம். தலை வாரிப் பின்னிவிடுவது என்று ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெளித்திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம், காற்றோட்டமும் இருக்கும், அத்தைக்கும் பயம் குறையும். உங்களுக்கு ஆசையே வராவிட்டாலும் செய்யுங்கள். மரத்துப்போன மனம் பல நேரம் கை வேலை செய்த பிறகுதான் பின்னால் வருகிறது.

அழுகைக்கு மாத்திரையா காரணம்?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சளி சுத்தமாகிவிட்டதே என்றும் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று ஆறு மாதமும் எடுத்தால்தான் ஒளிந்திருக்கும் கிருமியும் சாகும். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத வகையாக அது திரும்பி வரலாம். அந்த வைத்தியம் இதைவிடக் கடுமையானது. அதில் கொடுக்கும் சில மருந்துகள் மனநிலையை நேரடியாகவே பாதிக்கக்கூடியவை.

இப்போது நீங்கள் எடுப்பவற்றில் ஐசோனியசிட் என்ற மருந்து அபூர்வமாகச் சிலருக்கு மனக் குழப்பத்தையோ, இல்லாத குரல் கேட்பதையோ உண்டாக்கலாம். கை கால் எரிச்சல் வருவதும் அதனால்தான். வைட்டமின் பி6 கொடுத்தால் சரியாகும். அப்படிக் குரல் கேட்டாலோ, பேச்சு தடுமாறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அந்த மாதிரி இல்லை. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, தன்னையே வெறுப்பது என்று சில வாரங்களாக நீடிக்கும் மன அழுத்தம். காசநோயாளிகளிடம் இது மிகவும் சாதாரணம், குணப்படுத்தவும் முடியும். கவனிக்காமல் விட்டால் மாத்திரை எடுப்பதே தடைப்படும் என்பதால் இதைக் காசநோய் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனை மட்டும் போதுமா, மருந்தும் வேண்டுமா என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்வார். ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: நீங்கள் எடுக்கும் ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறதே அந்த மருந்து, வேறு பல மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். கர்ப்பத்தடை மாத்திரையும் அதில் அடக்கம். அதை நம்பியிருந்தால் இந்தக் காலத்துக்கு வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போகலாமா?

போகலாம். உங்கள் பெயர் அரசுப் பதிவில் இருப்பதால் தாராபுரம் பக்கத்து மையத்துக்கே வைத்தியத்தை மாற்றிக்கொள்ள முடியும், ஒரு நாள் மாத்திரைகூட விடுபடாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு போட்டால் உங்கள் உடம்பு எவ்வளவோ தேறும்.

ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். மகளை விட்டுவிட்டு, ‘மாத்திரை முடியும்வரை’ என்று போனால், ஒதுக்கிவைத்தது சரிதான் என்று நீங்களே கையெழுத்துப் போட்டதுபோல ஆகிவிடும். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்குள் நுழைவது இன்னும் கடினமாகும். மகளோடு, ஒரு வாரமோ பத்து நாளோ என்று தேதி சொல்லிவிட்டுப் போனால் அது பிறந்த வீட்டுக்குப் போய்வருவது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் இந்த வீட்டின் ஹாலில் உட்கார்ந்து எல்லோரோடும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அதன்பிறகு தாராபுரத்துக்குப் பஸ் ஏறுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தவறு. இந்து திருமணச் சட்டத்தில் காசநோய் விவாகரத்துக்குக் காரணமே அல்ல. தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. அதையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். நீங்கள் குடும்பம் நடத்தும் வீட்டில் வசிக்கும் உரிமையை 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. உங்களை வெளியேற்றும் பேச்சு வந்தால் 181-க்கு அழைக்கலாம். உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலையும் பணமும்

சூப்பர்வைசரிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதற்காகக் கூச வேண்டாம். நான்கு வருடமாகச் சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்கிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சும்மா வீட்டில் இருந்து சம்பளத்தை இழக்க வேண்டியதே இல்லை. ஈஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழோடு, சம்பளத்தில் 70 சதவீதம் வீதம் வருடத்துக்கு 91 நாள்வரை நோய்க்காலப் பணம் கிடைக்கும். அதற்கு மேலும் ஓய்வு தேவைப்பட்டால், காசநோய் உட்பட நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் நீட்டித்துத் தருவார்கள். இரண்டு வருடத் தொடர் வேலையும், அதில் போதுமான நாட்களுக்குச் சந்தா கட்டியிருப்பதும் இந்த நீட்டிப்புக்கு நிபந்தனை. நோய்க்காலப் பணம் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஈஎஸ்ஐ சட்டத்தின் 73-வது பிரிவு சொன்னது. இப்போதைய விதியை ஈஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, சளிப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். உடம்பு தேறிவிட்டால் மாத்திரை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகவும் தடையில்லை. எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காசநோய் வைத்தியம் எடுக்கும் எல்லோருக்கும் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2018-ல் 500 ஆகத் தொடங்கியதை 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். உங்கள் வங்கிக் கணக்குக்கு அது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் 1800 11 6666 என்ற காசநோய் உதவி எண்ணில் கேட்கலாம். பணம் சின்னதுதான். ஆனால் உங்கள் பெயரில் வரும் பணத்தில் முட்டையும் பயறும் வாங்கிக் கொடுப்பது, பாரமாகிவிட்டேன் என்ற நினைப்புக்குக் கொஞ்சம் மருந்து.

இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கும் இரண்டு வார்த்தை.

தம்பி, ஹாலிலிருந்து போனில் பேசினீர்கள் என்றாலும் தினமும் பேசியிருக்கிறீர்கள், மாத்திரை வாங்க வண்டியில் கூட்டிப்போயிருக்கிறீர்கள். உங்கள் மனைவி அதையும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் என்ன சொல்வதென்று தெரியாமல் நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். இப்போது சொல்வதற்கு உங்களிடம் ஒரு பரிசோதனை முடிவு இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு அம்மாவையும் பாப்பாவையும் காசநோய் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். மூவருக்கும் பரிசோதனை முடியட்டும், அம்மாவின் சந்தேகங்களை அங்கேயே கேட்கட்டும். அன்று ராத்திரி உங்கள் மனைவி எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதை அவரே கேட்டு வாங்கும்படி விட்டுவிடாதீர்கள். அந்தச் சிவப்பு அடையாளம் போட்ட தட்டையும் டம்ளரையும் மற்ற பாத்திரங்களோடு கலந்து வையுங்கள். அவர் இரவில் தூங்குகிறாரா, ‘நான் இல்லாமப் போனா’ என்ற பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் சமாதானம் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் நீங்களே கூடப் போங்கள்.